குட்டி யானையின் அலங்காரமும் நம்முடைய ஏளனமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஜி.என்.டி. சாலையோரத் தேநீர்க் கடையொன்றில், சில வாரங்களுக்கு முன் நாங்கள் நண்பர்கள் ஐவர் கூடியிருந்தோம். பேச்சு வழக்கம்போல் சிற்றிதழ்களின் எதிர்காலத்தில் தொடங்கி நிகழ்காலத்தின் சலிப்பில் வந்து நின்றபோது, கடைமுன் ஒரு பழைய குட்டி யானை வந்து நின்றது. முகப்பில் நீலமும் ஊதாவுமாய் எல்.ஈ.டி. சரம். கண்ணாடியின் மேல்விளிம்பில் ‘சிறுவாபுரி முருகன் துணை’. பக்கப் பலகைகளில் இரண்டு குழந்தைகளின் பெயர்கள். முன்னால் பளபளக்கும் கம்பித் தடுப்பு. டயர்கள் மட்டும் தேய்ந்து வழுக்கையாகிக் கிடந்தன.

எங்களில் ஒருவர் சிரித்தார். “டயர் வாங்கக் காசில்லை, ஜிகினாவுக்குக் காசு இருக்கிறது. நுகர்வுக் கலாச்சாரம் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது பாருங்கள்” என்றார். இன்னொருவர் உடனே மறுத்தார். “அப்படிச் சொல்லாதீர்கள். இது விளிம்புநிலை மக்களின் அழகியல். அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது” என்றார். விவாதம் அரைமணி நேரம் நீண்டது. வண்டிக்காரர் தேநீர் குடித்து முடித்துக் கிளம்பிப் போன பிறகும் தொடர்ந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து எழுதப்படுகிறது. மேற்சொன்ன இரண்டு கூற்றுகளும் எதிரெதிரானவைபோலத் தோன்றினாலும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. இரண்டுமே வண்டியின் பூச்சைப் பார்ப்பவை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காதவை. அவ்வாறு குனிந்து பார்த்தால் தெரிவது நம் ஏளனத்தையும் பரவசத்தையும் ஒருசேரக் கலைத்துவிடும் என்பதே நாங்கள் சொல்ல வருவது.

1

பழைய வண்டியை அலங்கரிக்கும் ஆசையை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கையில் அளவான காசு உள்ள ஒருவர் உண்மையில் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர், கம்பி உருட்டும் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து, அதை விட்டுப் பதினொரு வயதான சரக்கு வண்டி ஒன்றை வாங்கினார். பாதி கைக்காசு, மீதி தவணை. வாங்கிய பின் கையில் மிஞ்சியது நாற்பதாயிரம் ரூபாய். மெக்கானிக் ஒரு பட்டியல் கொடுத்தார்: நான்கு டயர், பிரேக் வேலை, கிளட்ச் தட்டு. அவர் மனத்தில் வேறொரு பட்டியல் இருந்தது: முழு பெயிண்ட், ஸ்டிக்கர், விளக்குகள், நல்ல ஹாரன், சீட் உறை, பாட்டுப் பெட்டி. நாற்பதாயிரத்துக்குள் இரண்டும் அடங்கா.

முதல் பட்டியல் மொத்தமாகக் கேட்கும். பிரேக்கை இந்த வாரம் கால் பங்கு, அடுத்த வாரம் கால் பங்கு என்று சரிசெய்ய முடியாது. இரண்டாவது பட்டியல் சில்லறையாக வரும். இன்று ஒரு ஸ்டிக்கர், ஞாயிற்றுக்கிழமை ஒரு விளக்கு, ஆயுதபூசைக்கு ஒரு சீட் உறை. நாட்கூலிக்காரரின் கையில் பணம் வரும் விதமும் அதுதான். சில்லறையாக வரும் பணம் சில்லறையாக விற்கப்படும் பொருளிடம் போகிறது. இதில் மூடத்தனம் எங்கே இருக்கிறது?

மேலும், பூச்சு வெறும் பூச்சு அன்று. வாடகை வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் வீடு மாற்ற வண்டி தேடி வருபவர் பளிச்சென்ற வண்டியைத்தான் கூப்பிடுகிறார். ஆலை வாசலில் மங்கிய வண்டியைக் கண்டால் காவலாளியின் குரலே மாறிவிடுகிறது. புதிய பிரேக் எவர் கண்ணுக்கும் தெரியாது. புதிய பெயிண்டை எல்லோரும் பார்ப்பார்கள். கூலிக்கு வண்டி ஓட்டும் மனிதனுக்கு முகப்பூச்சு என்பது முதலீடு. நூலின் உள்ளே மெய்ப்புப் பார்க்கப் பணமில்லை என்று கைவிரித்துவிட்டு மேலட்டைக்கு வண்ண ஓவியம் தேடும் பதிப்பாளர்களை நாம் அறிவோம். அவர்களைப் பார்த்து நாம் இவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை.

2

வண்டியைத் தன் விருப்பப்படி ஆக்கிக்கொள்வது இன்று முளைத்த சபலமும் அன்று. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955இல் அது அசோக் லேலண்ட் ஆன பிறகு நீண்ட காலம், லாரி வாங்குவது என்றால் சேசிஸ் வாங்குவது என்றே பொருள். எஞ்சினும் சட்டமும் சக்கரமும் தொழிற்சாலையிலிருந்து வரும். பாடியை உரிமையாளர் நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரப் பட்டறைகளில் தனக்கு வேண்டியவாறு கட்டிக்கொள்வார். பலகை எந்த மரம், கேபினுக்குள் எந்தச் சாமி, நெற்றியில் எந்த எழுத்து என்பதெல்லாம் அவர் முடிவு. லாரி பாதி தொழிற்சாலையிலும் பாதி பட்டறையிலும் பிறந்தது. அதை எவரும் விதிமீறல் என்று சொல்லவில்லை.

2005ஆம் ஆண்டு மே மாதம் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி டீசல் எஞ்சின், 16 குதிரைசக்தி, ஒரு டன்னுக்கும் குறைவான சுமை. இந்தியில் ‘சோட்டா ஹாத்தி’ என்றழைக்கப்பட்ட அதை நம் மக்கள் குட்டி யானை என்றார்கள். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அதுவரை மூன்று சக்கர வண்டியிலும் மீன்பாடி வண்டியிலும் சரக்கு ஏற்றிய ஒரு பெருங்கூட்டம் நான்கு சக்கரத்துக்கு ஏறியது. வடசென்னையில் மிதிவண்டியாகப் பிறந்த மீன்பாடியில் பழைய இருசக்கர வண்டியின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டியவர்கள் அவர்கள். இருப்பதைக் கொண்டு இல்லாததைச் செய்துகொள்ளும் கை அது.

ஆனால் புதிய வண்டி முழுதாக முடிக்கப்பட்டு வந்தது. தொட்டி, கேபின், இருக்கை எல்லாம் ஆலையிலேயே தீர்மானமாகிவிட்டன. பெரிய லாரிக்காரர் பாடி கட்டினால் அது தொழில். சிறிய வண்டிக்காரர் அதையே செய்தால் ‘மாற்றம்’. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டத்துக்கு வருவோம்.

3

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், 182-ஏ பிரிவின் வழியாக, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்தது. பல சுரங்களில் அலறும் ஹாரன் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன்பே தடைசெய்யப்பட்டது. முன்புறக் கம்பித் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது.

இவற்றில் தவறில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கவரைப்பேட்டைப் பக்கம் இருசக்கர வண்டியில் வந்து, எதிரே வரும் வெள்ளை எல்.ஈ.டி. வெளிச்சத்தில் கண்கூசித் தடுமாறிய எவரும் சட்டத்தைப் பழிக்கமாட்டார். ஒயரை வெட்டி ஒட்டுப்போட்டு இழுத்த விளக்குச் சரம் தீப்பிடிக்கக்கூடும். ‘இது எங்கள் அழகியல்’ என்பது எதிரே வருபவனின் கண்ணுக்குப் பதிலாகாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தில்லை.

எங்கள் வழக்கு வேறு. கண்ணில் படும் மாற்றம் பிடிபடுகிறது. உயிரைக் குடிக்கும் மாற்றம் பிடிபடுவதில்லை. ஏனெனில் அது கண்ணில் படுவதில்லை. அதைவிட முக்கியமாக, அது பலருக்கு லாபகரமானது.

4

பழைய சரக்கு வண்டியில் செய்யப்படும் மிக ஆபத்தான மாற்றத்துக்கு நிறமே கிடையாது. பின் அச்சின் மேல் அடுக்கடுக்காக இருக்கும் கமான் பட்டைகளோடு கூடுதலாக ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்ப்பது. தொட்டியின் பக்கப் பலகைகளுக்கு மேல் இரும்புச் சட்டம் பற்றவைத்து உயரம் ஏற்றுவது. இரண்டையும் ஒரு நாளில் முடித்துவிடலாம். எங்கள் நண்பரின் பட்டியலில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. நாங்கள் முதலில் அதைக் கவனிக்கவில்லை: ‘பட்டை 2, பாடி ஏத்தம்’.

பட்டை சேர்ப்பதால் என்ன ஆகிறது? கூடுதல் சுமை ஏற்றினாலும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து உட்காராது. அவ்வளவுதான். பிரேக் பெரிதாவதில்லை. டயரின் தாங்குதிறன் கூடுவதில்லை. அச்சும் பேரிங்கும் சட்டமும் பழையவையே. வண்டி தாழ்ந்து உட்கார்வது, ‘போதும், இதற்குமேல் ஏற்றாதே’ என்று வண்டி தானே சொல்லும் எச்சரிக்கை. பட்டை சேர்ப்பது அந்த வாயை அடைப்பது.

எளிய கணக்குதான். முதலில் வந்த ஏஸ் வண்டியின் சொந்த எடை சுமார் 800 கிலோ. அனுமதிக்கப்பட்ட சுமை சுமார் 750. மொத்தம் 1,550. அதன் பிரேக்குகள் இந்த எடையை நிறுத்துவதற்காக அமைக்கப்பட்டவை. பட்டை சேர்த்து ஒன்றரை டன் ஏற்றினால் மொத்தம் 2,300. அதே வேகத்தில் நிறுத்த, அதே பிரேக் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தியை விழுங்கியாக வேண்டும். தேய்ந்த டயரும் மழை நனைத்த சாலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உயர்த்திய பலகைக்கு மேல்வரை அடுக்கிய சரக்கு ஈர்ப்புமையத்தையும் மேலே தூக்கிவிடுகிறது. திருப்பத்தில் வண்டி சாய்வது அதனால்தான். செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை முடிந்த கூலியாட்கள் பல நாட்களில் அதே தொட்டியில்தான் நின்றுகொண்டு ஊர் திரும்புகிறார்கள். அது ஆள் ஏற்றுவதற்கான வண்டி அன்று என்பது அவர்களுக்கும் தெரியும். பேருந்து வராது என்பதும் தெரியும்.

நாங்கள் நண்பரிடம் சொன்னோம்: அலங்காரத்தைத் தள்ளிப்போடுங்கள், அது நம் சபலம், போகட்டும். பட்டையை மட்டும் தொடவே தொடாதீர்கள். டயரும் பிரேக்கும்தான் முதலில். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“சார், ஸ்டிக்கர் ஒட்டறது என் ஆசை. அதை வேணான்னா விட்டுடுவேன். பட்டை போடறது என் ஆசையில்ல. ஒரே நடையில ஒன்றரை டன் ஏத்துவியான்னு கேட்டுட்டுத்தான் லோடே குடுக்கறாங்க. ரெண்டு நடையா அடிக்கறேன்னா வேற வண்டிக்குப் போயிடுது. அந்த ரெண்டாவது நடைக் காசை யாரு குடுப்பாங்க?”

எங்களிடம் பதில் இல்லை. இந்த இடத்தில்தான் ‘சபலம்’ என்ற சொல் எங்கள் கையைச் சுட்டது. ஒரு வண்டியைத் தகுதிக்கு மீறி மாற்றும் சபலம் வண்டிக்காரரிடம் மட்டும் இருப்பதாக நாம் இதுவரை எண்ணிவந்தோம். ஒரு நடைக் கூலியில் இரண்டு நடைச் சரக்கை அனுப்பும் சபலம் எவருடையது? அதற்குப் பட்டறைச் செலவு இல்லை, அபராதம் இல்லை, நம் ஏளனமும் இல்லை. அதற்கு மரியாதையான பெயர் உண்டு: செலவுக் குறைப்பு.

5

‘சட்டம் சுமை ஏற்றியவனை விட்டுவிடுகிறதே’ என்று நாம் பெருமூச்சு விடலாம். அதுவும் உண்மையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, அளவுமீறிய சுமைக்கு இருபதாயிரம் ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம் ரூபாயும் அபராதம் விதிக்கிறது. அது ஓட்டுபவரை மட்டும் குறிக்கவில்லை. அவ்வாறு ஓட்டக் காரணமாக இருப்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குறிக்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நிறுத்தப்படுவது மட்டும் வண்டியாகவே இருக்கிறது. சரக்கை ஏற்றிவிட்டவர் அப்போது தம் அலுவலகத்தில் இருக்கிறார்.

சான்று கிடைக்காது என்று சொல்ல முடியுமா? கும்மிடிப்பூண்டியை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் நிறைந்த ஊர் இது. பழைய இரும்பு உள்ளே போவதும் கம்பி வெளியே வருவதும் கிலோ கணக்கில்தான். ஆகவே எடைமேடை இல்லாமல் இங்கே வணிகமே இல்லை. வெற்று வண்டியின் எடை, சரக்கோடு எடை, நிகர எடை என்று மூன்றையும் வண்டி எண்ணோடும் நேரத்தோடும் அச்சிட்ட சீட்டு ஒவ்வொரு நடைக்கும் கொடுக்கப்படுகிறது. பணம் கொடுப்பதற்கு அதுவே ஆதாரம். பதிவுச் சான்றில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கிறது. எடைச் சீட்டில் உண்மையான மொத்த எடை இருக்கிறது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் எழுத்தர் போதும். ஒரு கிலோ கம்பி குறைந்தால் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு எழுநூறு கிலோ கூடியது தெரியாமல் போகிறது என்பதை நாங்கள் நம்பத் தயாரில்லை.

ஆண்டுதோறும் எஃப்சி காட்டும் வாரத்தில் நடக்கும் கூத்தும் இதோடு சேர்ந்ததே. விளக்குகள் கழற்றப்படும், ஹாரன் வீட்டுக்குப் போகும், புதுப் பெயிண்ட் அடிக்கப்படும், நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டுவார்கள் என்றுகூடக் கேட்டிருக்கிறோம். சான்று வந்த மறுநாள் எல்லாம் பழையபடி. இதே வட்டத்தின் தேர்வாய்க்கண்டிகையில், ஒருகாலத்தில் ஊர்க்காரர்கள் மேய்ச்சல் நிலத்துக்காகப் போராடிய இடத்தில், மிச்செலின் ஆலை லாரிகளுக்கும் பேருந்துகளுக்குமான ரேடியல் டயர்களைச் செய்கிறது. அந்த ஊர் வழியாகவே வழுக்கை டயரில் ஒன்றரை டன் போகிறது. 2022 ஏப்ரல் முதல் பதினைந்து வயதைக் கடந்த வணிக வண்டிகளுக்கான தகுதிச் சான்றுக் கட்டணம் கடுமையாக உயர்த்தப்பட்டது. பழைய வண்டியைச் சாலையிலிருந்து அகற்றுவது நல்ல நோக்கம்தான். ஆனால் புதிய வண்டி வாங்க வழியில்லாதவர் கட்டணத்தைக் கட்ட இன்னொரு நடையைத்தான் நம்புவார், இன்னும் ஐந்நூறு கிலோவைத்தான் ஏற்றுவார்.

6

இனி, ‘விளிம்புநிலை அழகியல்’ பேசிய நண்பருக்கு. 2002இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நடத்திய நாட்டார் விழாவுக்குக் கராச்சியின் லாரி ஓவியர் ஹைதர் அலி அழைக்கப்பட்டார். அவர் கைவண்ணத்தில் ஒளிர்ந்த லாரியை உலகம் வியந்தது. நியாயமான வியப்பு. லாரி ஓவியம் கலைதான் என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. எனினும், விழாத் திடலில் நிற்கும் லாரிக்குப் பிரேக் தேவையில்லை. அதற்குத் தவணை இல்லை. ஒன்றரை டன் ஏற்றுவாயா என்று எவரும் அதனிடம் கேட்பதில்லை. நம் சாலையில் ஓடும் வண்டியை அதே கண்ணால் பார்ப்பது, ஓட்டுபவரின் உயிரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு அவர் ரசனையை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்வதாகும். ஏளனம் அவரை முட்டாளாக்குகிறது. பரவசம் அவரைக் காட்சிப்பொருளாக்குகிறது. இரண்டுமே கணக்குத் தெரிந்த மனிதராக அவரை ஏற்பதில்லை.

அவர் ஆசையை நாங்கள் மதிக்கிறோம். தன் பெயரில் முதன்முதலாக வந்த பொருளின் மேல், பதிவுச் சான்றில் கடன் கொடுத்தவரின் பெயரும் சேர்ந்தே இருக்கிற பொருளின் மேல், தன் குழந்தையின் பெயரை எழுதிப் பார்க்கும் ஆசை அது. அந்தப் பெயரை எழுத நூறு கிராம் பெயிண்ட்கூட ஆகாது. அதனால் எவரும் சாவதில்லை. அதே ஆசை கண்கூசும் விளக்காகவும் காது கிழிக்கும் ஹாரனாகவும் மாறும்போது எதிர்க்கிறோம். டயருக்கும் பிரேக்குக்கும் முன்னால் அது வந்து நிற்கும்போது, ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுவோம். மதிப்பதென்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கலைந்துபோக எங்களுக்கு உரிமையில்லை. ஆலைகளிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் போக்குவரத்துத் துறையிடமும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எடைச் சீட்டில் அனுமதி எடை தாண்டினால் வாசல் திறக்கக்கூடாது, திறந்தால் அபராதம் வாசலுக்கும் சேர்த்தே வரவேண்டும். எல்லா வாசல்களிலும் ஒரே நாளில் இதைச் செய்தால், ரெண்டு நடை அடிக்கிறேன் என்று சொல்பவரை விட்டு லோடு வேறு வண்டிக்குப் போகாது. போக வேறு வண்டி இருக்காது. இரண்டாவது நடைக்கான கூலி அப்போது தானே பிறக்கும். கம்பியின் விலையில் சில பைசா கூடும். வீடு கட்டும் நாம்தான் அதைக் கொடுப்போம். கொடுக்க வேண்டியவர்களும் நாமே.

எங்கள் நண்பர் கடைசியில் இரண்டு டயர் மாற்றினார், பிரேக் வேலையை முடித்தார், பட்டையும் இரண்டு சேர்த்தார். நாற்பதாயிரம் தீர்ந்தது. பெயிண்ட் அடிக்கவில்லை. ஆகவே ஜி.என்.டி. சாலையோரம் அவர் வண்டி நின்றால், தேநீர் குடிக்கும் எவரும் சிரிக்கப்போவதில்லை. சிரிப்பதற்கு வெளியே தெரியும்படி அதில் ஒன்றுமில்லை.